விடைக்குறிப்பில் இல்லாத விடை

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு கேள்வி வரும். கீழே ஒரு படம் இருக்கும். வெட்டிச் சாய்த்த மரமாக இருக்கலாம், மழையில் நனையும் தெருவாக இருக்கலாம். அதைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதைச் சில வரிகளில் கவிதையாக எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண். பிள்ளையின் கற்பனைக்கென்றே பொதுத்தேர்வு ஒதுக்கிவைத்திருக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

அந்த இடத்துக்கும் கைடில் விடை இருக்கிறது. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி நாலு வரிகள். மரம் வந்தாலும் அதுதான், மழை வந்தாலும் அதுதான். நடுவில் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டால் போதும். ‘நயம் பாராட்டுக’ கேள்விக்கும் இதே கதி. மோனை, எதுகை, சந்தம், அணி என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கணத்தை எழுதி, கொடுத்த பாடலிலிருந்து இரண்டு சொற்களைப் பிடுங்கி வைத்துவிட்டால் முடிந்தது. பாடல் நன்றாக இல்லை என்று எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. அப்படி எழுதினால் என்ன போடுவது என்று விடைக்குறிப்பில் சொல்லியிருக்காது.

கணிதத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. பத்தாம் வகுப்புத் தாளில் 28ஆவதும் 42ஆவதும் கட்டாய வினாக்கள். புத்தகத்தில் உள்ளபடியே வராது, யோசித்துத்தான் போட வேண்டும் என்பதால் மாணவர்களும் ஆசிரியர்களும் இவற்றை ‘கிரியேட்டிவ் கொஸ்டின்’ என்பார்கள். இப்போது கைடுகளில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘கிரியேட்டிவ் வினாக்கள்’ என்று தனிப் பகுதி, விடைகளோடு அச்சாகி வருகிறது. பயிற்சி மையங்களில் அதற்கென்று தனித் தேர்வுகூட வைக்கிறார்கள். யோசிக்க வேண்டிய கேள்வியை யோசிக்காமல் போடப் பழக்கும் இந்தத் தொழில்திறமையை நினைத்தால், படைப்பாற்றல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்துவிடுகிறது.

ஆகவே, நம் கல்வித் துறைக்குப் பிள்ளைகளின் படைப்பாற்றலைச் சோதிக்கும் எண்ணமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. எண்ணம் இருந்திருக்கிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறியில் ஒரு பகுதி முழுக்கச் செயல்பாடுகள்: பாடல் கட்டுவது, படம் வரைவது, நடித்துக் காட்டுவது, ஊரில் உள்ளவர்களைப் பேட்டி காண்பது. காகிதத்தில் பார்த்தால் மிக நல்ல யோசனை. நடைமுறையில், பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் சார்ட்டுகளும் ஒட்டுப் படங்களும் விற்றுத் தீர்ந்தன. இரவு பத்து மணிக்கு அம்மாக்கள் தெர்மாகோலில் எரிமலை செய்தார்கள். ஆசிரியர்கள் பதிவேட்டில் எல்லோருக்கும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போட்டு முடித்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அருகிலுள்ள பள்ளியில் நாற்பதுக்கு நாற்பது போடும்போது, தன் பிள்ளைகளுக்கு மட்டும் இருபத்தைந்து போட எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

மூன்று முயற்சிகளும் ஒரே இடத்தில்தான் இடறின. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை அறிய முடியும்; அறியத்தான் வேண்டும். ஆனால், அறிந்ததை மதிப்பெண் பட்டியலில் ஏற்றிய மறுநாளே அது இன்னொரு பாடமாகிவிடுகிறது. பாடமானால் கைடு வரும், கைடு வந்தால் யோசனை போய்விடும்.

திறனைச் சோதிக்கும் கலையின் தொடக்கத்தைப் பார்த்தாலும் இந்தத் தடுமாற்றம் தெரியும். பாரிஸ் பள்ளிகளில் பாடம் ஏறாமல் திணறும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவதற்காக, ஆல்ஃபிரட் பினே தன் சகா சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கினார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதே அவர் கேள்வி. அறிவு என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட, மாறாத சரக்கு என்ற பேச்சை அவர் கடுமையாக எதிர்த்தார். 1911இல் அவர் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தச் சோதனை அமெரிக்காவில் ஒற்றை எண்ணாக மாறி, பிள்ளைகளையும் பட்டாளத்தில் சேர வந்தவர்களையும் தரம் பிரிக்கும் கருவியானது. உதவுவதற்காகப் பிறந்தது ஒதுக்குவதற்குப் பயன்பட்டது.

உதவும் நோக்கில் சோதிப்பது எப்படியிருக்கும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகலாம். கொஞ்சம் நின்று பார்த்தால், அந்த 35 கண்ணை மூடிக்கொண்டு எழுதியதல்ல என்று தெரியும். இரண்டிலிருந்து ஏழு போகாது. எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. எந்தப் பக்கம் பெரிய எண் இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று பிள்ளை தானே ஒரு விதி செய்து வைத்திருக்கிறது. 63-48 கொடுங்கள், 25 என்று எழுதும். 81-35 கொடுங்கள், 54 என்று எழுதும். விதியில் பிசகே இராது. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதல்ல பிரச்சினை. ‘கடன் வாங்குவது’ என்றால் என்னவென்று அதற்கு யாரும் குச்சிக்கட்டை அவிழ்த்துக் காட்டவில்லை. பத்தில் மூன்று என்ற மதிப்பெண் இதைச் சொல்லாது. அந்த ஒரு தப்பு விடை சொல்லும்.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை கடனே வாங்காமல் போடுகிறது. 27லிருந்து 30க்கு மூன்று, 30லிருந்து 50க்கு இருபது, 50லிருந்து 52க்கு இரண்டு, ஆக 25. மளிகைக் கடைக்காரர் சில்லறை தரும்போது செய்வது இதுதான். அப்பா கடையில் உட்கார்ந்த பிள்ளைக்கு இது கைவந்த பழக்கம். ஆனால், தாளில் ‘ஸ்டெப்’ இல்லை. விடைக்கு ஒரு மதிப்பெண், முறைக்குப் பூஜ்யம். சில தடவை இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த வழியை விட்டுவிட்டுத் தனக்குப் புரியாத வழியை மனப்பாடம் செய்யத் தொடங்கும். கற்கும் திறன், படைப்புச் சிந்தனை என்று நாம் தனித்தனியாகப் பேசும் இரண்டும் இந்த இடத்தில் ஒன்றாகவே அடிபடுகின்றன.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களிடம் ஆய்வாளர்கள் சிலர் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வில், விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடை வந்தது. பிறகு, அதே சிறுவர்களிடம் அதே மாதிரி கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். சிறுவர்கள் மிகச் சிலரே, பழைய ஆய்வு என்று தள்ளிவிட முடியாது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. சந்தையில் சிக்கலான கணக்கை மனதிலேயே போட்ட பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்ட கணக்கைச் சந்தையில் போட முடியாமல் விழித்தார்கள். தேர்வு என்று நாம் ஒரே கதவை வைத்திருப்பதால், இரண்டு கூட்டத்திலும் பாதித் திறமை நம் கண்ணிலேயே படுவதில்லை.

சரி, படைப்பாற்றலை அளக்கத்தான் முடியுமா? அரை நூற்றாண்டுக்கும் மேலாக உளவியலாளர்கள் இதில் உழைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக 1950இல் உரையாற்றிய கில்ஃபோர்ட், படைப்பாற்றலைத் துறை கண்டுகொள்ளவே இல்லை என்று குறைபட்டுக்கொண்டார். அதன் பிறகு வந்ததுதான், ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற புகழ்பெற்ற கேள்வி. டோரன்ஸ் 1966இல் இதை முழுச் சோதனையாக்கினார். எத்தனை யோசனைகள் வந்தன, அவை எத்தனை வகைப்பட்டவை, பிறருக்குத் தோன்றாதது எது, தோன்றியதை எவ்வளவு விரித்துச் சொன்னார்கள் என்று நான்கு கோணங்களில் பார்க்கும் முறை அது. இந்தியாவில் பாகர் மெஹ்தி 1970களில் உருவாக்கிய படைப்பாற்றல் சோதனை இன்றும் புழக்கத்தில் உள்ளது. கல்வியியல் ஆய்வேடுகளில் அதை நிறையப் பார்க்கலாம். வகுப்பறையில் பார்க்கத்தான் வழியில்லை.

இந்தச் சோதனைகளிலும் ஓட்டை உண்டு. செங்கல் சூளையில் வளரும் பிள்ளையிடமும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளையிடமும் செங்கல்லைப் பற்றிக் கேட்டால், வருகிற விடைகளில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு பழக்கம் என்று எப்படிப் பிரிப்பது? இருந்தாலும், அந்த நான்கு கோணங்களையும் ஆசிரியர்கள் கண்ணாடிபோல மாட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில், ‘நீளம் 6, அகலம் 4 உள்ள செவ்வகத்தின் சுற்றளவு என்ன?’ என்று கேட்பதற்குப் பதில், ‘சுற்றளவு 20 செ.மீ. வரும்படி எத்தனை செவ்வகம் வரைய முடியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். 6-4, 7-3 என்று இரண்டு வரைந்துவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒன்பதும் ஒன்றும் வரை ஒழுங்காகப் போகிறவர்கள் இருப்பார்கள். ஐந்தும் ஐந்தும் போட்டால் அது சதுரமாயிற்றே, கணக்கில் சேருமா என்று ஒரு சண்டை கிளம்பும். நாலரையும் ஐந்தரையும் போட்டால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் முடிவே இல்லை என்பது புரிந்து வகுப்பு ஒரு நிமிடம் திகைக்கும். நீட்ட நீட்ட உள்ளே இடம் குறைகிறதே, சுற்றளவு மாறவில்லையே என்று ஒரு பிள்ளை கவனித்தால், அது அடுத்த பாடத்துக்குள் தானாகவே நுழைந்துவிட்டது. இருபது நிமிட வேலை. யாருக்குச் சுற்றளவே பிடிபடவில்லை, யார் புத்தகத்தைத் தாண்டிப் போகிறார் என்ற இரண்டும் இதில் சேர்ந்தே தெரிந்துவிடும். இத்தகைய திறந்த வினாக்களை வைத்தே கணிதம் கற்பிக்கும் முறையை ஜப்பானியர்கள் 1970களிலேயே வளர்த்தெடுத்தார்கள்.

பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் ‘பிசா’ தேர்வு, 2022இல் முதன்முறையாகப் படைப்புச் சிந்தனையையும் சேர்த்துக்கொண்டது. பங்கேற்ற 64 நாடுகள், பகுதிகளில் 60க்கு 41 பெற்று சிங்கப்பூர் முதலிடம். கணிதத்திலும் முதலிடம் அவர்களுக்கே. உடனே, கணக்கு நன்றாக வந்தால் கற்பனை தானே வந்துவிடும் என்று முடிவுகட்ட வேண்டாம். கணிதத்தில் முன்னணியில் நிற்கும் ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகியவை படைப்புச் சிந்தனையில் சராசரியையொட்டியோ அதற்குக் கீழோதான் வந்தன. சிங்கப்பூரில் டியூஷன் மோகம் நம்மூருக்குச் சளைத்ததல்ல. ஆனாலும், 2019இலிருந்து அங்கே முதலிரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் தேர்வு கிடையாது. 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். தேர்வால் வளர்ந்த நாடே தேர்வைக் குறைக்கிறது.

நமக்கும் பிசாவுடன் ஒரு பழைய பரிச்சயம் உண்டு. 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் எழுதி, பட்டியலின் அடிமட்டத்துக்குப் போயின. கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா விலகிக்கொண்டது. ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால், அன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுமாறியது பண்பாட்டால் மட்டும்தானா, விடைக்குறிப்பு இல்லாத கேள்வியை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதாலா என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த வெற்றிடத்தில் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள். பிள்ளையின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, இவன் இசையில் வல்லவன், இவள் கணிதத்தில் வல்லவள் என்று வண்ண அறிக்கை தரும் ‘டிஎம்ஐடி’ சோதனையைத் தனியார் பள்ளிகளே பெற்றோருக்குப் பரிந்துரைத்த கூத்தையும் பார்த்தோம். கைரேகைக்கும் கற்கும் திறனுக்கும் தொடர்பிருப்பதாக அறிவியல் சொல்லவில்லை. ஜோசியத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரசுப் பள்ளிகளின் சிக்கல் வேறு. கரோனாவுக்குப் பிறகு 2022-23இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நின்ற இடத்திலிருந்து தொடங்கச் சொன்னது. பினே நினைத்ததற்கு மிக நெருக்கமான திட்டம் இது. கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாக இருந்தால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால், ஈராசிரியர் பள்ளி ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் கைபேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டும். செர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்; பிள்ளையைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா? மதிப்பீடு செய்வதன் பயன் ஆசிரியருக்குப் போய்ச் சேருவதைவிடத் தகவல் மேலே போய்ச் சேருவதே முக்கியமாகிவிட்டது. இதற்கு மாறாக, ‘அசர்’ எனும் கற்றல்நிலை ஆய்வில் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே போய், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கவைத்துக் கேட்கிறார். 2005 முதல் நடக்கும் அந்த எளிய முறை வலுவாக நிற்பதற்குக் காரணம், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைச் சில நிமிடம் முழுசாகக் கவனிக்கிறார் என்பதுதான்.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் பிள்ளைகள் அக்கறை காட்டமாட்டார்கள் என்பது நம் பெற்றோரின் பயம். இதற்கு நேர்மாறான சான்று 1973லேயே வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று சொல்லி வரையச் சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் கவனித்தபோது, பரிசுப் பேச்சே இல்லாமல் வரைந்த பிள்ளைகள் செலவிட்ட நேரத்தில் பாதியைத்தான் இவர்கள் வரைவதில் செலவிட்டார்கள். கூலி கிடைத்த வேலையைக் கூலியில்லாமல் ஏன் செய்ய வேண்டும்?

மதிப்பெண் இல்லாமல் ஆசிரியரின் தீர்ப்பை எப்படி நம்புவது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த படங்களை, துறை அறிந்த சிலரிடம் தனித்தனியே கொடுத்து, எந்த அளவுகோலும் சொல்லாமல் படைப்பாற்றலை மதிப்பிடச் சொன்னார் தெரேசா அமபிலே. அவர்கள் தீர்ப்புகள் பெருமளவு ஒத்துப்போயின என்று 1982இல் எழுதினார். நம் ஆசிரியர்களும் குறுவள மையக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பவர்பாயிண்ட் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒரே திறந்த வினாவுக்கு வந்த விடைகளைப் பல பள்ளி ஆசிரியர்கள் மாற்றி மாற்றிப் படித்துப் பேசினால் போதும். காலாண்டு, அரையாண்டுத் தாள்களில் விடைக்குறிப்பே இல்லாத ஒரு கேள்வி. மொத்தத்தில் சேராது. ஆசிரியர் இரண்டு வரி எழுதித் தருவார். பொதுத்தேர்வுத் தாளில் இதைக் கொண்டுவர வேண்டாம். விடைத்தாள் திருத்தும் முகாமில், குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் போட்டு, பிறகு 17ஏ ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைக்குப் பதில் எழுதும் துணிச்சலை உதவித் தேர்வாளரிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

இதைச் செய்து பார்க்க இப்போது ஓர் இடமும் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. அந்தத் தேர்வு 2017-18இல் வந்ததற்கு வலுவான காரணம் இருந்தது: தனியார் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல், பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்திக்கொண்டிருந்தன. பாரம் இறங்கியது நல்லது. ஆனால், அந்த ஒரு வருடத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்குப் பள்ளிகளிடம் தெளிவான ஏற்பாடு இல்லாவிட்டால், பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.